பழைய நூலகம் நர்சிங் பயிற்சிக் கட்டடமான கதை: ஒரு வேலைக் குறிப்பு

பல்கலைக்கழகத்துக்குப் புது நூலகம் கட்டியாகிவிட்டது. பழைய நூலகம் காலியாகக் கிடந்தது. நர்சிங், பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) ஆகிய மூன்று துறைகளும் வெவ்வேறு கட்டடங்களில் இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மூன்றையும் பழைய நூலகத்துக்குள் கொண்டுவருவது என்று முடிவானது. கட்டடப் பிரிவின் சார்பில் வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இதே மாதிரி வேலையைக் கையில் எடுப்பவர்களுக்கு உதவட்டும் என்று, என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

பயிற்சிக் கட்டடத்தில் நிஜ நோயாளி கிடையாது. அதனால் பலருக்கும் "வகுப்பறைதானே, பெஞ்சை எடுத்துவிட்டுக் கட்டிலைப் போட்டால் போச்சு" என்ற எண்ணம் இருக்கிறது. நான் அப்படிப் பார்க்கவில்லை. மாணவருக்குக் கை பழகுவது இந்த அறையில்தான். கட்டிலுக்கு எந்தப் பக்கம் நிற்பது, நோயாளியைத் தொடுவதற்கு முன் கை தானாக எங்கே போவது, சளியை இழுக்கும் உறிஞ்சுகுழாய் எந்த உயரத்தில் இருக்கும் என்பதெல்லாம் யோசிக்காமல் வரவேண்டிய பழக்கங்கள். அறை தப்பாக அமைந்தால் பழக்கமும் தப்பாகவே அமையும்; அதோடுதான் அவர் வார்டுக்குப் போவார். எனவே முகப்பு அலங்காரத்துக்கும் வரவேற்பு மேசைக்கும் முன்னால், கட்டிலைச் சுற்றியுள்ள இரண்டு மீட்டருக்குப் பணம் போகவேண்டும். வேலை முடியும்வரை நான் விட்டுக்கொடுக்காமல் நின்றது இந்த ஒரு விஷயத்தில்தான்.

எதை எங்கே வைப்பது

நூலகக் கட்டடத்தில் ஒரு பெரிய வசதி, ஒரு பெரிய தொல்லை. வசதி, தளத்தின் பலம். சாதாரண வகுப்பறைத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 முதல் 300 கிலோ தாங்கும்படி கணக்குப் போடுவார்கள். புத்தக அடுக்குகள் நிற்கும் தளம் 700 கிலோவுக்கு மேல் தாங்கவேண்டும். மின்சாரத்தில் ஏறி இறங்கும் மருத்துவமனைக் கட்டில் மட்டுமே 150, 200 கிலோ வரும். அதில் ஆள், சுற்றிலும் ஐந்தாறு பேர், கருவி வண்டி எல்லாம் சேர்ந்தாலும் இந்தத் தளத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தொல்லை, தண்ணீர். புத்தகம் இருக்கும் இடத்தில் தண்ணீர்க் குழாய் போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய கட்டடம் அது. ஒரு ஓரத்தில் கழிப்பறை, அதோடு சரி. நர்சிங் துறைக்கோ அறைக்கு அறை வாஷ் பேசின் வேண்டும். இந்த முரண்பாடுதான் கட்டடத்தில் எதை எங்கே வைப்பது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது.

தரைத்தளத்தில் பழைய வாசிப்புக்கூடம். நீளமான அறை, உயரமான கூரை, இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல். மேலே இரண்டு தளங்களும் புத்தக அடுக்குகளுக்கானவை. கை எட்டும் உயரத்துக்கு மேல் புத்தகம் வைத்துப் பயனில்லை என்பதால் அடுக்குத் தளங்களைத் தாழ்வாகத்தான் கட்டுவார்கள். எங்களுடையதில் பீமுக்குக் கீழே 2.3 மீட்டர்தான் இருந்தது.

துறைத் தலைவர்கள் முதலில் கேட்டது மேல் தளத்தில் கட்டில் அறைகள். அமைதியாக இருக்கும் என்றார்கள். இரண்டு காரணங்களால் அது ஒத்துவரவில்லை. ஒன்று, லிஃப்ட். புத்தக வண்டிக்கும் ஆட்களுக்குமான அந்த லிஃப்டில் கட்டில் ஏறாது. கட்டில் ஏறும் லிஃப்டின் உள்ளளவு சுமார் 1.4 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் நீளமும் இருக்கவேண்டும். பழைய லிஃப்ட் குழியில் அதற்கு இடமே இல்லை. இரண்டாவது, கழிவுநீர். மேல் தளத்தில் பேசின் வைத்தால் அதன் குழாய் அதற்குக் கீழே உள்ள அடுக்குத் தளத்தின் கூரையில் தொங்கும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது வாட்டம் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். பத்து மீட்டர் போனால் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும். ஏற்கனவே தாழ்வான கூரையில் அதை எங்கே மறைப்பது?

ஆகவே கட்டில்கள் எல்லாம் வாசிப்புக்கூடத்துக்கு வந்தன. தரைத்தளம் என்பதால் தரையை உடைத்து மண்ணுக்குள்ளேயே குழாய் போட்டோம். அந்தக் கூடத்தின் வடிவமும் வார்டுக்காகவே கட்டியது போல இருந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வலியுறுத்திய வார்டு இப்படித்தான் இருக்கும்: நீண்ட ஒரே அறை, எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல், இடையே கட்டில் வரிசை. காற்றும் வெளிச்சமும் குறுக்கே போகும். ஒரு நர்ஸ் நின்ற இடத்திலிருந்தே எல்லாக் கட்டிலையும் பார்க்கலாம். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860-இல் அவர் பெயரால் நர்சிங் பள்ளி தொடங்கியபோது மாணவிகள் பழகியது நிஜ வார்டில். பொம்மையை வைத்துப் பழகும் முறை அப்புறம் வந்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனைப் பள்ளிக்காக மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்யும் பெண்மணி 1911-இல் ஆள் உயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். அதன் பேரப்பிள்ளைகள்தான் இன்று மூச்சு விடுகிற, நாடி துடிக்கிற மேனிகின்கள்.

பிசியோதெரபிக் கூடமும் தரைத்தளத்துக்கே வந்தது. கையை உயர்த்திக் கோல் பிடித்துப் பயிற்சி செய்யும் இடத்துக்குத் தாழ்ந்த கூரை உதவாது.

மேல் தளத்தில் என்ன செய்வது என்பதுதான் நெடுநாள் பேச்சாக இருந்தது. ஆக்குபேஷனல் தெரபி ஆசிரியை ஒருவர் அளவு நாடாவை வாங்கிக் கூரை உயரத்தைத் தானே அளந்து பார்த்தார். "சார், வீட்டுக் கூரை இதைவிடப் பெரிசா என்ன உயரம் இருக்கப்போகுது? எங்களுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுங்க" என்றார். அது அருமையான யோசனை. பக்கவாதம் வந்தவர் வீடு திரும்பியபின் படுக்கையிலிருந்து எழுவது, சமையல் மேடையில் ஒரு கையால் வேலை செய்வது, குளியலறையில் விழாமல் திரும்புவது என எல்லாவற்றையும் கற்றுத்தர வீடு போன்ற இடம்தான் வேண்டும். படுக்கையறை, சமையலறை, குளியலறையோடு ஒரு சிறு வீட்டை அந்தத் தளத்திலேயே கட்டினோம். குளியலறையைக் கீழே இருக்கும் பழைய கழிப்பறைக்கு நேர் மேலே வைத்தோம். குழாய் நேராக அதே குழிக்குள் இறங்கிவிட்டது. மீதி இடத்தில் சிறு வகுப்பறைகள், ஆசிரியர் அறைகள், கிடங்கு.

இடிப்பதற்கு முன்

பழைய கட்டடத்தில் சுத்தியலை எடுக்கும் முன் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு. அதன் நார் தூசியாகப் பறந்து மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். இதில் பேரமே கிடையாது. ஒன்பது அங்குலச் சதுரத் தரை ஓடுகளைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்தக் காலத்து அளவு அது. அதற்குக் கீழே தடவியிருக்கும் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். சூடான குழாய்களைச் சுற்றிய உறை, பீம்களில் பீய்ச்சியடித்த தீத்தடுப்புப் பூச்சு, பழைய தீக்கதவுகள் என்று தேடவேண்டிய இடங்கள் நிறைய. மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை தரையைத் தேய்ப்பது, அரைப்பது எதுவும் கூடாது. எங்கள் ஓடுகளில் இருந்தது. அதை எடுக்க உரிமம் பெற்ற ஆட்கள் வந்து, இடத்தைப் பாலிதீனால் அடைத்து, ஈரப்படுத்தித்தான் எடுத்தார்கள்.

நூலகங்களுக்கே உரிய இன்னொரு ஆபத்து உண்டு. சில பழைய நூலகங்களில் இரும்பு அடுக்குகளின் கால்களே மேல் தளத்தைத் தாங்கி நிற்கும். அலமாரி என்று நினைத்துக் கழற்றினால் மேல் தளம் கீழே வரும். ஒரு அடுக்கின் காலையும் தலையையும் திறந்து பார்க்காமல் திருகாணியைத் தொடக் கூடாது. எங்களுடையவை தளத்தின்மேல் தனியாக நின்றவை, பயமில்லாமல் கழற்றினோம்.

கட்டில் பக்கத்து இரண்டு மீட்டர்

வரைபடத்தில் ஒரு கட்டிலிடம் என்பது சின்னச் சதுரம். பிரிட்டிஷ் மருத்துவமனை வழிகாட்டிகள் சொல்லும் அளவு 3.6 மீட்டர் அகலம், 3.7 மீட்டர் ஆழம். அந்த அளவு போதுமா, இன்னும் குறைக்கலாமா என்று கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவதில் பயனில்லை என்று தோன்றியது. காலியான கூடத்தின் தரையில் டேப் ஒட்டி அதே அளவில் சதுரம் போட்டோம். மருத்துவமனையிலிருந்து கட்டில் ஒன்றை இரவல் வாங்கி நடுவில் வைத்தோம். தலைமாட்டுச் சுவருக்குப் பதில் ஒரு பழைய கரும்பலகையை நிறுத்தி, ஆக்சிஜன், உறிஞ்சி, மின்சாரம் ஆகியவற்றுக்கான அவுட்லெட்டுகள் (இணைப்பு வாய்கள்) வரும் இடத்தைச் சாக்கட்டியால் வரைந்தோம்.

பிறகு நர்சிங் ஆசிரியைகள் வந்தார்கள். இதயம் நின்றுபோன நோயாளி என்று வைத்துக்கொண்டு வழக்கமாகச் செய்வதை அப்படியே செய்து காட்டச் சொன்னோம். ஒருவர் மார்பை அழுத்த, ஒருவர் மருந்து ஏற்ற, ஒருவர் அதிர்ச்சிக் கருவி வண்டியோடு வர, ஒருவர் குறித்துக்கொள்ள, இன்னொருவர் மூச்சுப் பையோடு தலைப்பக்கம் போகவேண்டும். தலைப்பக்கம் போகத்தான் வழி இல்லை. கட்டிலின் தலைப்பலகையைக் கழற்றி, கட்டிலைச் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் முன்னால் இழுத்தால்தான் ஆள் நுழைய முடிந்தது. இழுத்தவுடன் கால்மாட்டில் வண்டிக்கு இடம் இல்லாமல் போனது. அதோடு, அவுட்லெட்டுகள் கட்டிலுக்கு நேர் பின்னால் இருந்தால் தலைப்பக்கம் நிற்பவரின் முதுகில் குழாய்கள் உரசும் என்பதும் தெரிந்தது.

அந்த ஒரு மதியத்தில் மூன்று மாற்றங்கள் முடிவாயின. ஆழத்தைக் கூட்டினோம். ஆக்சிஜன், உறிஞ்சி, மின் பிளக்குகளைக் கட்டிலின் இருபுறத்துக்கும் பிரித்தோம். திரைச்சீலைத் தண்டவாளத்தை வெளியே தள்ளினோம். ஆழம் கூடியதால் ஒரு கட்டிலிடம் குறைந்தது. அதற்கு நிர்வாகத்தில் கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. டேப் சதுரத்துக்குள் அவர்களையும் நிற்க வைத்தோம். அப்புறம் பேச்சு எழவில்லை. டேப்பும் சாக்கட்டியும்தான் இந்த வேலையிலேயே மலிவான கருவிகள். எல்லா அறைகளையும் கட்டுவதற்கு முன் இப்படித் தரையில் நடத்திப் பாருங்கள்.

வாஷ் பேசின் பற்றியும் அந்த மதியத்தில்தான் தெளிவு கிடைத்தது. குழாய் வசதிக்காகப் பேசின்களை ஜன்னல் சுவர் ஓரமாக, கட்டிலுக்கு அப்பால் வரைந்திருந்தார்கள். துறைத் தலைவி உள்ளே வருவதுபோல் நடந்து பார்த்து, "கை கழுவணும்னா நான் நோயாளியைத் தாண்டிப் போகணும். தாண்டிப் போறப்ப மாணவி கட்டில் கம்பியைப் பிடிச்சிடுவா" என்றார். மாற்றினோம். இப்போது உள்ளே வரும் வழியில் முதலில் பேசின், அப்புறம் கட்டில். கைக்குத் தேய்க்கும் திரவம் கட்டிலின் கால்மாட்டில். சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி, திரவம் தேய்க்க 20 முதல் 30 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. அதை ஒரு மாணவி எத்தனை முறை செய்வாள் என்பதை பேசின் இருக்கும் இடமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

பேசினைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். குழாயிலிருந்து விழும் தண்ணீர் நேராக வடிகால் துளையில் விழக் கூடாது. துளைக்குள் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் அதில் அடித்தால் தெறித்துக் கைக்கும் மேடைக்கும் வரும். எனவே துளை பின்பக்கமாகத் தள்ளி இருக்கும் பேசின், குழாய் வாயில் சல்லடை இல்லாதது, முழங்கையால் திருப்பும் நீளக் கைப்பிடி. அடைப்பானும் கிடையாது, மேல்வழி ஓட்டையும் கிடையாது. வீட்டுக்கு வாங்கும் அழகான பேசினில் இவை எல்லாமே தலைகீழாக இருக்கும்.

சுவருக்குள்ளே

ஜிப்சம் போர்டுச் சுவரை மூடும் முன் அதற்குள் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் வைத்தோம்: மானிட்டர் கை வரும் இடம், கைப்பிடிக் கம்பி வரும் இடம், தலைமாட்டுப் பலகை முழுக்க. குளியலறைக் கைப்பிடி ஒன்று 110 கிலோவுக்கு மேல் இழுத்தாலும் பிடுங்கிக்கொண்டு வரக் கூடாது. பயிற்சி வீட்டில் அதைப் பிடித்து எழுந்து பழகப் போகிறவர்கள் தினமும் மாறி மாறி வருவார்கள். வெறும் போர்டில் திருகிய கைப்பிடி சில வாரத்தில் ஆடத் தொடங்கும்.

சுவரை மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை விரித்து வைத்துப் படம் எடுத்தோம். ப்ளைவுட் எங்கே, வயர் எங்கே, குழாய் எங்கே என்பது பின்னால் ஆணி அடிக்க வருபவருக்கு உயிர் காக்கும் தகவல். படங்களை அறை எண் போட்டுக் கட்டடக் கோப்பில் சேர்த்துவிட்டோம்.

கதவுகள் எல்லாம் 90 சென்டிமீட்டர். நூலகத்துக்கு அது போதும், கட்டிலுக்குப் போதாது. நிலையைப் பெயர்த்து, ஒன்றரைக் கதவு போட்டோம்: பெரிய கதவு ஆள் போக, சின்னதையும் திறந்தால் கட்டில் போக. மேல் தளத்தில் குழாய்க்கு ஓட்டை போடும் முன் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி எங்கே ஓடுகிறது என்று ரேடாரால் பார்த்துக் குறித்தோம். ஓட்டை போட்டபின் பிளாஸ்டிக் குழாயைச் சுற்றித் தீத்தடுப்பு வளையம். தீப்பிடித்தால் குழாய் உருகும்போது அந்த வளையம் உப்பி ஓட்டையை அடைத்துவிடும். இதை வைக்காமல் பூசி மூடிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. பூசியபின் கண்டுபிடிக்கவும் முடியாது. நேரில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டிய இடம் இது.

ஆக்சிஜன் இல்லாத ஆக்சிஜன் குழாய்

பயிற்சி அறையில் ஆக்சிஜன் அவுட்லெட் வேண்டும், ஆனால் ஆக்சிஜன் வேண்டியதில்லை. நிஜ ஆக்சிஜன் போட்டால் தீ ஆபத்து, சேமிப்புக் கிடங்கு, தனி விதிகள் எல்லாம் வந்து சேரும். எண்ணெய் இல்லாத கம்ப்ரஸரிலிருந்து சாதாரணக் காற்றை 4 பார் அழுத்தத்தில் கொண்டுவந்து கொடுத்தால் ஓட்ட அளவி ஏறும், முகமூடியில் சத்தம் வரும், மாணவருக்குக் கை பழகும். அவுட்லெட்டின் வாய் மட்டும் நிஜ ஆக்சிஜனுக்குரிய அதே வடிவத்தில் இருக்கவேண்டும். ஒவ்வொரு வாயுவுக்கும் வெவ்வேறு வடிவத்தில் வாய் வைத்திருப்பதே தவறான குழாயைச் சொருக முடியாதபடி தடுக்கத்தான். அந்தத் தடையை மாணவர் கையால் உணரவேண்டும்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஆக்சிஜன் என்று எழுதிய வாயிலிருந்து வருவது வெறும் காற்று. வகுப்பில் யாராவது நிஜமாகவே மயங்கி விழுந்தால், பதற்றத்தில் பக்கத்து அவுட்லெட்டைத் திறந்து முகமூடி போட்டுவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு தலைமாட்டிலும் "பயிற்சிக்கு மட்டும். இது ஆக்சிஜன் அல்ல" என்று பெரிய எழுத்தில் பொறித்த தகடு. ஸ்டிக்கர் உரிந்துவிடும் என்பதால் தகடாகவே போட்டோம். நிஜ அவசரத்துக்கான பெட்டி கூடத்தின் வாசலில் தனியாக இருக்கிறது. பயிற்சி மருந்துகள், பயிற்சிக் குப்பிகள் எல்லாவற்றிலும் இதே வாசகம்.

குழாய் போட்டு முடித்தபின் குறுக்கு இணைப்புச் சோதனை. ஒரு நேரத்தில் ஒரே குழாயை மட்டும் திறந்துவிட்டு, எல்லாக் கட்டிலின் எல்லா வாய்களையும் சோதிப்பது. அலுப்பான வேலைதான். காற்றைத் திறந்துவிட்டு ஒவ்வொரு வாயாகப் போனபோது, ஓரக் கட்டில் ஒன்றில் உறிஞ்சி வாயிலிருந்து காற்று சீறியது. குழாய் போட வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அந்த ஒரு கட்டிலில் இரண்டையும் மாற்றி இணைத்திருந்தார்கள்.

காரணத்தைத் தேடியபோது நிறம்தான் என்று தெரிந்தது. சர்வதேச நிறமுறையில் மஞ்சள் என்றால் உறிஞ்சி. அமெரிக்க முறையில் மஞ்சள் என்றால் மருத்துவக் காற்று. வெள்ளை சர்வதேச முறையில் ஆக்சிஜன். அமெரிக்க முறையில் அதுவே உறிஞ்சி, அங்கே ஆக்சிஜனுக்குப் பச்சை. அவுட்லெட்டுகள் ஒரு முறையிலும், நீட்டிப்புக் குழாய்கள் இன்னொரு முறையிலும் வந்திருந்தன. மஞ்சளோடு மஞ்சளைச் சேர்த்துவிட்டார்கள். நல்லவேளையாக இது பொம்மைக்கான அறை. ஆனாலும் விட்டுவைக்கவில்லை. மாணவர்கள் பயிற்சிக்குப் போகும் மருத்துவமனையில் எந்த நிறமுறையோ அதே முறைக்கு எல்லாப் பாகங்களையும் மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். மறுபடி முதல் கட்டிலிலிருந்து சோதனை.

தரை

வாசிப்புக்கூடத்தின் தரை மண்மேல் போட்ட பழைய கான்கிரீட். கீழே ஈரத்தடுப்பு விரிப்பு இல்லை. மரத்தரை இருந்தவரை ஓதம் தெரியவில்லை. வினைலை ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பசை இளகி, கொப்புளம் போட்டுவிடும். மேலே கைவைத்துப் பார்த்து "காய்ந்திருக்கு" என்று சொல்வதை நம்பக் கூடாது. கான்கிரீட்டின் தடிப்பில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட்டு, உணரியை இறக்கி, உள்ளே இருக்கும் ஈரப்பதத்தை அளக்கவேண்டும். பொதுவாக 75 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் வினைல் ஒட்டச் சம்மதிப்பார்கள். எங்கள் அளவு அதைத் தாண்டியே நின்றது. எப்பாக்ஸி ஈரத்தடுப்புப் பூச்சு இரண்டு கை கொடுத்து, அதன்மேல் சமன்படுத்தும் கலவை ஊற்றி, பிறகுதான் வினைல். ஓரத்தில் வினைலைச் சுவர்மேல் 10 சென்டிமீட்டர் வளைத்து ஏற்றி, இணைப்புகளைச் சூடாக்கி ஒட்டினோம். மூலை வளைவாக இருந்தால் துடைப்பம் போகும், அழுக்கு தங்காது.

மேல் தளத்துச் சிக்கல் வேறு. பல ஆண்டுகள் புத்தகப் பாரம் சுமந்த தளம் நடுவில் தொய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் வைத்த ஒரு ட்ராலியை பிரேக் எடுத்துவிட்டு நிறுத்தினோம். தானாக மெல்ல உருண்டு அறை நடுவுக்குப் போய் நின்றது. சக்கர நாற்காலியில் ஒரு நோயாளியை உட்கார வைத்துக் கட்டிலுக்கு மாற்றப் பழகும் இடத்தில் இது கூடாது. இரண்டு மீட்டர் மட்டப்பலகை வைத்தால் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது என்பதை அளவாக வைத்து நிரப்பினோம். நிரப்பும் கலவைக்கும் எடை உண்டு. வேறு கட்டடமாக இருந்தால் கணக்குப் பார்க்காமல் ஊற்றக் கூடாது. புத்தகத் தளம் என்பதால் கணக்கு இடம் கொடுத்தது.

வெளிச்சமும் சத்தமும்

மின் வேலையில் நான் அதிக நேரம் கொடுத்தது பல்புகளுக்கு. ஆக்சிஜன் குறைந்தால் நோயாளியின் தோலில் நீலம் பாயும். விளக்கின் ஒளியில் சிவப்பு குறைவாக இருந்தால் நல்ல ஆளும் நீலமாகத் தெரிவார். அல்லது நிஜ நீலம் மறைந்துபோகும். ஆஸ்திரேலிய–நியூசிலாந்து தரவரையறையில் இதற்கென்றே ஒரு குறியீட்டெண் வைத்திருக்கிறார்கள்: அது 3.3-ஐத் தாண்டக் கூடாது, ஒளியின் நிற வெப்பநிலை 3300 முதல் 5300 கெல்வினுக்குள் இருக்கவேண்டும். மாதிரிக்கு வந்த விளக்குகளை அருகருகே தொங்கவிட்டு, ஆசிரியைகள் தங்கள் விரல்களை நீட்டி நகக்கண்ணைப் பார்த்தார்கள். ஒரு விளக்கின்கீழ் நகம் இளஞ்சிவப்பு. அடுத்ததன்கீழ் அதே நகம் சாம்பல். பெட்டியில் இரண்டுக்கும் ஒரே வாட், ஒரே விவரம்.

கறுத்த தோலில் நீலம் பாய்வது முகத்தில் தெரியாது. நாக்கு, உதட்டின் உட்புறம், நகக்கண் ஆகிய இடங்களில்தான் பார்க்கவேண்டும். இதைச் சொல்லித்தர வெளிறிய நிறப் பொம்மைகள் மட்டும் போதாது என்று துறைத் தலைவி பல நிறங்களில் மேனிகின் கேட்டார். கட்டட வேலைக்கு இதில் பங்கில்லை என்றாலும் நான் முழுமனதோடு அந்தக் கோரிக்கையின் பக்கம் நின்றேன். ஒவ்வொரு கட்டிலிலும் விளக்கு மங்கும்படி வைத்தோம். இரவுப் பணியில் நர்ஸ் டார்ச் வெளிச்சத்தில்தான் சுற்றி வருகிறார், அதையும் பழகவேண்டும்.

வாசிப்புக்கூடத்தின் உயரக் கூரையால் எதிரொலி கடுமையாக இருந்தது. ஸ்டெதஸ்கோப்பில் ரத்த அழுத்தச் சத்தம் கேட்கப் பழகும் அறை அது. பக்கத்துக் கட்டில் பேச்சு காதில் விழுந்தால் மாணவர் ஊகித்து எண் சொல்லத் தொடங்கிவிடுவார். கூரையிலும் மேல் சுவரிலும் ஒலி உறிஞ்சும் பலகைகள் பதித்தோம். ஏ.சி. டக்ட்டைப் பெரிதாக்கிக் காற்றின் வேகத்தைக் குறைத்ததும் இரைச்சல் அடங்கியது.

மேனிகினை நோயாளியாக வைத்து நிஜம் போலவே ஒத்திகை நடத்தும் சிமுலேஷன் அறை இரண்டு. நடுவில் கட்டுப்பாட்டு அறை, ஒருவழிக் கண்ணாடியோடு. கேமரா போதும், கண்ணாடி எதற்கு என்ற பேச்சு எழுந்தது. கேமராவில் மாணவரின் முகம் தெரியும். மூன்று பேர் ஒருவருக்கொருவர் வழிவிடாமல் முட்டிக்கொள்வது கண்ணாடியில்தான் ஒரே பார்வையில் தெரியும். கண்ணாடியையே வைத்தோம். ஆனால் அது வேலை செய்ய, கட்டுப்பாட்டு அறை இருட்டாக இருக்கவேண்டும். சுவரும் கூரையும் பளபளப்பில்லாத கரும்சாம்பல். முதல் ஒத்திகையில் ஆசிரியரின் கணினித் திரை ஒளி கண்ணாடியில் நீலச் சதுரமாகத் தெரிந்தது. திரைகளைப் பக்கவாட்டில் திருப்பியதும் மறைந்தது.

ஒத்திகை முடிந்ததும் மாணவர்கள் உட்கார்ந்து பேசும் அறையைச் சிமுலேஷன் அறைக்கு அடுத்த கதவிலேயே வைத்தோம். பயிற்சி 15 நிமிடம் என்றால் அதைப் பற்றிய பேச்சு அரை மணி நேரம் ஓடும். கற்பதில் பெரும்பங்கு அங்கேதான். மாடியேறிப் போகச் சொன்னால் படியிலேயே பேசித் தீர்த்துவிடுவார்கள்.

ஒப்படைத்தபின்

பயிற்சிக் கட்டடத்துக்கு நீண்ட விடுமுறை உண்டு. குழாய்களில் தண்ணீர் தேங்கும். 20 முதல் 45 டிகிரி வரையிலான வெப்பத்தில் தேங்கிய தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரியில் வைத்து, கைக்கு வரும் இடத்தில் கலப்பு வால்வு போட்டிருக்கிறோம். விடுமுறையிலும் வாரம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் திறந்துவிடவேண்டும். அதற்கு யார் பொறுப்பு என்பதைப் பெயர் போட்டுப் பட்டியலில் எழுதி வாங்கினேன். பயன்படாத பழைய குழாய்க் கிளைகளை மூடி வைக்காமல் அடியோடு வெட்டி எடுத்தோம்.

கிடங்கு இடம்தான் இன்னும் போதவில்லை. ஒரு மேனிகின் ஒரு ஆள் இடத்தைப் பிடிக்கும். அதை மடித்து வைக்க முடியாது, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் தோல் கிழியும். போர்வை, டிரிப் ஸ்டாண்டு, நடைவண்டி, ஊன்றுகோல் என்று சேர்ந்துகொண்டே போகிறது. மேல் தளத்தில் கழற்றிய பழைய புத்தக அடுக்குகளில் உறுதியானவற்றை எடுத்து வைத்திருக்கிறோம். பலகைகளை அகலப்படுத்தி, பாதி உயரத்துக்கு வெட்டி, படுத்த நிலையில் மேனிகின் வைக்கும் தட்டுகளாக மாற்றும் வேலை இப்போது பட்டறையில் நடக்கிறது. தட்டு இடுப்பு உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்று பிசியோதெரபித் துறை சொல்லியிருக்கிறது. 40 கிலோப் பொம்மையைத் தோளுக்கு மேல் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டால் சிகிச்சைக்கு அவர்களிடம்தானே வரவேண்டும் என்றார்கள். அந்த உயரத்தையே வரைபடத்தில் குறித்துக் கொடுத்துவிட்டேன்.